கடைமடைக்கு முதல் முறை

ஏலம் கோட்டூர்க் கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் வளைகாப்புத் தோரணத்தை
யாரும் அவிழ்க்கவில்லை.
எட்டு கபடி அணி, எட்டு மேசை, மேசைக்கொரு சோடா.
மூன்றாம் வருஷமாக என் பெயர் கடைசித் தாளில்:
இடது கார்னர், அடிப்படை விலை எட்டாயிரம்.
கேட்பாருண்டா என்றார்கள்.
மேசை விசிறி மட்டும் இடமும் வலமும் தலையாட்டியது.
பிறகு வலங்கைமான் ஆலைக்காரர் தியாகேசன்
சோடாவைக் கீழே வைக்காமலே கையைத் தூக்கினார்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன் நான்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
நெல்லைத் திருப்பி அனுப்புவார்கள்.
நெல் ஒன்றும் சொல்லாது.
மூட்டைக்குப் பத்து என்றால் எட்டாயிரம்
எண்ணூறு மூட்டை. நாலு நாளில் இறக்கிவிடுவேன்.
இங்கே அதற்கு ஒரு சீசன், இரண்டு விலா எலும்பு.
பாடிப் போகிறவனுக்கு லட்சம்.
கூட்டம் பாட்டைத்தான் கேட்கும்,
பிடித்த கை அடியில் மண்ணோடு கிடக்கும்.

நான்கு வருஷமாய்க் கோப்பை மன்னார்குடியை விட்டு நகரவில்லை.
அங்கே நகைக்கடை.
தலைஞாயிறு அணியோ வேனுக்கு டீசல் போடவே
உண்டியல் குலுக்கும்.
முடிவு முன்னமே தெரிந்த ஆட்டத்துக்கு
சனம் எதற்கு உட்காரும்?
முதலில் புகார் சொன்னது கடலை விற்கிறவர்.

அப்போதுதான் அமிர்தகடேசன் எழுந்தார்.
பொதுப்பணித்துறை லஸ்கர், ஷட்டர் திறக்கிற ஆள்.
போன குறுவையில் மேல்மடைக்காரர்கள்
அவர் சைக்கிளை வாய்க்காலில் போட்டதை ஊரே அறியும்.
"முறை வைப்போம்" என்றார்.
"கடைசியில வந்தவன் மொதல்ல எடுக்கட்டும்.
ஒரு அணிக்கு மூணு லட்சம், அதுக்கு மேல கூடாது.
எட்டாயிரத்த இருபதாயிரம் ஆக்குங்க."
நகைக்கடைக்காரர் சிரித்தார்:
"தண்ணியும் ஆளும் ஒண்ணாய்யா?"
"தண்ணி பள்ளத்துக்குப் போவும், ஆளு பணத்துக்குப் போவான்.
அதுக்குத்தாங்க ஷட்டர்."

ஐந்துக்கு மூன்றில் நிறைவேறியது.
இருபதாயிரம் மட்டும்
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

முறை வந்த வருஷம் ஒரு பையனும் வந்தான்.
சூசைராஜ், விழுந்தமாவடி, பத்தொன்பது வயது.
அவன் கோட்டுக்குத் திரும்பிய பிறகுதான்
தொட்டிருக்கிறான் என்றே தெரியும்.
அடுத்த ஏலத்தில் அவன் பெயர் வரும்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால்
ஆலைக்காரர் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே என்னைக் கூப்பிட்டார்.
"தோத்தா நாமதான் கடைசி. கடைசின்னா சூசை நமக்கு.
கணுக்கால் கைக்கு வரும். வந்தா வழுக்கிடு."

தலைஞாயிற்றோடு ஆட்டம். கடைசி நிமிஷம்.
ஒரு புள்ளி முன்னால் இருந்தோம்.
அவர்கள் ஆள் பாடி வந்தான்.
கணுக்கால் கைக்கு வந்தது.

நீதிக்காகப் பிடித்தேன் என்றால் பொய்.
பன்னிரண்டு வருஷம் மூட்டை பிடித்த விரல்,
அதற்கு விடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.
விசில் ஊதினார்கள். ஜெயித்தோம்.
ஆலைக்காரர் எழுந்து போய்விட்டார்.
மண்ணில் கிடந்தபடியே யோசித்தேன்:
அந்தக் கால் உதறவே இல்லையே.

அவனிடம் யார், எந்த மூட்டைக்கு நடுவே சொன்னார்களோ.
தோற்ற அணி வேனில் ஏறும்போது
ஒருவன் விசிலடித்தான்.

லஸ்கரும் பார்த்திருந்தார்.
கோட்டுக்கு வெளியே நின்று பீடியை அணைத்துவிட்டு
"இதுக்கும் ஒரு பூட்டு போடணும்" என்றார்.

இந்த வருஷம் குடவோலை.
கடைசி மூன்று அணிகளின் பெயர் ஓலையில், ஓலை குடத்தில்.
பித்தளைக் குடம், அவர் வீட்டுக் குடம்தான்,
அடியில் புளி போட்டுத் தேய்த்த கோடு.
எடுக்க யார் கை என்று கேள்வி வந்தபோது
மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

குடத்தில் என் பெயர் இல்லை.
இருபதாயிரம் இன்னும் அடுத்த கூட்டத்தில் இருக்கிறது.
கையை உள்ளே விடுமுன் கேட்டேன்,
ஓலைக்குக் கூலி எவ்வளவு என்று.