காலி எடை

சித்தூர் ரோட்டில் நைனா வேலை பார்க்கும் எடை மேடை
அறுபது டன் தாங்கும்.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
அதன்மேல் என்னை ஏற்றுவார் தினம் ராத்திரி,
மாங்காய் லாரிக்கும் கல் லாரிக்கும் நடுவில்,
செருப்பைக் கழற்றச் சொல்லி.

ஐம்பது என்று காட்டும்.
நேற்றும் ஐம்பது, பொங்கலுக்கு மறுநாளும் ஐம்பது.
"பாத்தியா, எப்பிடி கன்ட்ரோல்ல வெச்சுகினு இருக்கா"
என்பார் கிளீனர் பையன்களிடம்.
நான் நிற்கவேண்டியது நாற்பத்தொன்பது கிலோ பிரிவில்.

வீட்டில் எனக்கு ஆறு முட்டை, தம்பி லோகுவுக்கு ஒன்று.
கரன்ட் போகும் நேரம் பார்த்து மூன்றை அவன் தட்டுக்குத் தள்ளுவேன்.
"இவன் இன்னாத்துக்கு வீங்குறான்?"
என்று நைனாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தூக்குற ஷூ ஏழாயிரமாம்.
அம்மா ராணிப்பேட்டை கம்பெனியிலிருந்து
கழித்துப்போட்ட தோலில் ஒரு ஜோடி தைத்துக்கொண்டு வந்தாள்,
குதிகாலுக்குப் பலகை வைத்து.
இடது ஏழு, வலது எட்டு.
"பஞ்சு வெச்சுக்கோ. ரயில்வேல அளவா கேக்கப் போறான்?"

காட்பாடி ஜங்ஷனில் எந்த வண்டி கூவினாலும்
அதில் நான் கறுப்புக் கோட்டோடு
டிக்கெட் கேட்டுக்கொண்டு வருவேன்,
நைனாவைத் தவிர எல்லாரிடமும்.

சத்துவாச்சாரியில் மாவட்டப் போட்டி.
அங்கே இருந்த சின்ன மெஷினுக்குக் கிராம் தெரிந்திருந்தது.
நானூறு அதிகம்.
புளி உருண்டையை வாயில் திணித்துத் துப்பச் சொன்னார்.
ஒரு மணி நேரம் துப்பினேன்.
மிச்சத்துக்கு, கோணி அறுக்கும் கத்தரியால்
என் ஜடையை அவரே வெட்டினார், கண்ணை மூடிக்கொண்டு.
அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாவது தடவை, எழுபத்தைந்து கிலோ.
என் கம்பி தோளோடு நின்றுவிட்டது.
கூட்டத்தில் நைனாவும் கூடவே தூக்கினார், வெறுங்கையால்.
அவருடையது தலைக்கு மேலே போனது.
எனக்கு மூன்று சிவப்பு விளக்கு.
பின்னாலேயே ஒரு "ஐயோ".
காற்றைத் தூக்கினதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆட்டோ வரைக்கும் நான்தான் தூக்கிப்போனேன்.
அப்போதும் விடவில்லை மனுஷன்:
"முதுக வளைக்காத. மூச்ச வுடாத.
முட்டி, முட்டி, முட்டிய பாருடீ!"

பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கச் சொன்னார்கள்.
தணிகாசலம் மகள் என்றதும் ஓனர் என்னை மேடையில் உட்காரவைத்தார்.
சில்லறை தேடி மேஜை அறையைத் திறந்தேன்.
ரப்பர் பேண்டு போட்டுக் கத்தைகத்தையாய்
என் பெயரில் எடைச்சீட்டு.
ஒவ்வொன்றுக்கும் நாற்பது ரூபாய்
சம்பளத்தில் பிடித்ததாக மூலையில் ஓனர் கிறுக்கல்.
கோகிலவாணி, ஐம்பது. கோகிலவாணி, ஐம்பது.
அடியில் போகப்போக நாற்பது, முப்பது, இருபது.

ஆகக் கடைசியில் மஞ்சளாய் ஒன்று:
வண்டி எண் பாப்பா.
டிரைவர் பச்சையம்மாள்.
ஏற்றி 50. இறக்கி 50.
சரக்கு எடை 0.

ஹார்ன் அடித்தான் வெளியே, மாங்காய்க்காரன்.
கத்தையைக் கட்டப்போக ரப்பர் பேண்டு அறுந்து தொலைந்தது.

அதற்குள் போன், படுக்கையிலிருந்து.
"முட்டை துன்னியா?"
"துன்னேன் நைனா."
பக்கத்து ஸ்டூலில் லோகு
ஐந்தாவதை உரித்துக்கொண்டிருந்தான்.