கணவாய்

ஆண்டர்மாட் முடிகிற வளைவில் ஒரு பலகை.
மூன்று கணவாய்களின் பெயர்,
மூன்றுக்கும் நேரே சிவப்பு.
விடிய நாலரைக்கு அதைக் கடந்து
ஹோட்டல் சலவை அறைக்கு இறங்குகிறேன்.
யார் யாரோ நன்றாகத் தூங்கியெழுந்த சுருக்கங்கள்
கூடை கூடையாய் வரும்.
நான் தூங்கிப் பதினொரு கிழமை.

சின்னனில்
கிருபை தயாபத்து மந்திரத்தில் கண்ணீர்க் கணவாய் வரும்போதெல்லாம்
அப்பாவின் வள்ளத்தில் மை கக்கிக் கிடக்கிறதுதான்
கண்ணுக்குள் நிற்கும்.
அதுவும் அழுமாக்கும் என்று நம்பி
ஒரு பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன்.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை,
கோப்பையை மூடி மட்டும் வைத்தா.

இப்போது இரண்டு கணவாயும் ஒன்றுதான்.
வாடகை கட்டியாச்சு.
றீற்றாவுக்கு வேலை நிரந்தரம்.
மடுத்தீன் பனிச்சறுக்கில் பல்லுடைத்துக்கொண்டு
சந்தோசமாய் இருக்கிறான்.
ஒரு குறையுமில்லை என்று சொல்லி முடிக்குமுன்
உள்ளே மை.

செபமாலையில்
மூன்றாம் மணிக்கு மேல் விரல் நகராது.
"விசுவாசம் குறைஞ்சு போச்சு தம்பி"
லூசெர்னில் தமிழ்ப் பூசை முடிந்து
ரோல்ஸ் கடித்தபடி சொன்னார் சங்கச் செயலாளர்.
இருக்கலாம்.
அளந்து பார்க்க என்னிடம் தராசில்லை.

டொக்டர் றெக்லிக்கு என்ன சொல்லி விளங்கப்படுத்த?
ஜெர்மன் கைவிட்ட இடத்தில்
சன்னலால் அந்தப் பலகையைக் காட்டினேன்.
அவ இந்த ஊர்க்காரி. சிரிக்கவில்லை.
"மூன்றுமா?"
"மூன்றும்."
எழுதித் தந்தா:
முதல் கிழமை பாதிக் குளிசை, பிறகு முழுசு.

றீற்றா குளிசையை நீட்டினபோது
பழக்கதோசத்தில்
நன்மை வாங்குவதுபோல நாக்கை நீட்டிவிட்டேன்.
பாவமோ தெரியாது.
குசினியில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்,
அவ கொஞ்சம் அழுதும்விட்டா.

ஞாயிறு,
பனிச்சரிவைத் தாங்கி நிற்கிற காட்டுக்குக் கீழே
மரியஹில்ப் சிற்றாலயத்துக்கு ஏறினேன்.
செபம் வரவில்லை.
குளிர்ந்த வாங்கில் இருந்து
மாதாவுக்கு விரிப்புக் கணக்கு ஒப்புவித்தேன்:
ஒற்றை நாற்பது, இரட்டை எழுபத்திரண்டு,
கறை போகாதது ஆறு.
கேட்டா.
கேட்டிருப்பா.

இறங்கி வர, பலகையில் இன்னும் சிவப்புத்தான்.
ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது.
மேலே, கண்ணுக்குத் தெரியாத வளைவொன்றில்
பனி வெட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.
ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் போகுமோ.
அதைக் கேட்டபடி
ரோட்டோரம் நெடுநேரம் நின்றேன்.

பசித்தது.