கடிக்குமா

போஹோர்யே மலைக்காட்டில், ஜூன் முதல் வாரம்,
மர அறுவை மில்லுக்குக் கீழே ஓடை அகலும் இடத்தில்
தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே
கறுப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

குடில்களை வாடகைக்கு விடும் வொய்கோ
என்னைக் கூப்பிட்டனுப்பியது ஒரே கேள்விக்கு:
கடிக்குமா?

முதல் நாள் கொசு இல்லை என்று எழுதினேன்.
கொசு இப்படித் தண்ணீரில் கிறுக்காது.
சுழல்வண்டும் இல்லை, அது மிதக்கும்;
இவை தொடுவதோடு சரி,
சூடான தோசைக்கல்லில் விரல் வைத்து எடுப்பதுபோல.
இல்லை, இல்லை என்றே ஒரு பக்கம் நிறைந்தது.
மூன்றாம் நாள் வரை அது ஒன்றுதான் என் அறிவு.

வலை உதவவில்லை. ஓடையையே அள்ளியது.
வொய்கோவின் மனைவி யெரிட்சா
ஜன்னல் வழியாகத் தேநீர் வடிகட்டியை நீட்டினாள்.
பாசிக்கல் வழுக்கி இடுப்புவரை நனைந்து
பதினொன்று பிடித்தேன்.
பதினொன்றும் ஆண்.

லென்சுக்கு அடியில்
உருண்டைத் தலை, புகைபடிந்த சிறகு.
முன்காலில், பாதம் தொடங்கும் கணு மட்டும்
வீங்கியிருக்கிறது,
குத்துச்சண்டைக்காரன் ஒரு கையுறையோடு
வீட்டுக்கு வந்துவிட்டதுபோல.
பட்டு சுரப்பது அங்கேதான்.

ஆகவே ஹிலாரா.
கிரேக்கத்தில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருளாம்.
பெயர் வைத்தவரின் காலுறை
அன்று காய்ந்திருக்க வேண்டும்.

ஓடையில் விழுந்து தத்தளிப்பது எதுவானாலும்
அள்ளி, பறந்தபடியே நூல் சுற்றி,
பெண்ணிடம் நீட்டும்.
அவள் தின்று முடிக்கும்வரை அவனுக்கு நேரம்.

ஒன்றின் காலிடுக்கில் அப்படி ஒரு பொட்டலம் இருந்தது.
எள்ளளவு. வெள்ளை.
மூச்சை அடக்கி ஊசிமுனையால் பிரித்தேன்,
சுற்றுக்குள் சுற்று, சுற்றுக்குள் சுற்று.
உள்ளே பூச்சி இல்லை.
ஸ்ப்ரூஸ் மொட்டிலிருந்து உதிர்ந்த
ஒரு பழுப்புச் செதில்.

தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்த யெரிட்சா
வாள் இரைச்சலை மீறிக் கத்தினாள்:
"வந்து பார், உன் உறவுக்காரன்!"

வந்தான். புருவமெல்லாம் மரத்தூள்.
குனிந்து வெகுநேரம் பார்த்தான்.
மில் தானாக அறுத்துக்கொண்டிருந்தது.
கடிக்குமா என்று கேட்பான் என்று
பதிலை நாக்கில் வைத்திருந்தேன்.

"அவளுக்குத் தெரியுமா?" என்றான்.

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
பேரினம் எழுதினேன். சிற்றினம்: தெரியவில்லை.
அதைச் சொல்ல முன்கால் மயிர்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்,
என் லென்ஸ் அவ்வளவு போகாது.

வெளியே ஒரு மீன் எழும்பியது.
கூட்டத்தில் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை.
உடனே மூடிக்கொண்டது.

வடிகட்டியை யெரிட்சா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.
நீயே வைத்துக்கொள் என்றாள்,
வொய்கோவைப் பார்த்தபடி.