பகரம்

பிரதமருக்கு 'ப' வராது.
வேறெந்த எழுத்திலும் அவர் நாக்கு தடுக்கியதில்லை.
இதழும் இதழும் ஒட்டும்; ஒட்டியது ஒட்டியபடி நிற்கும்,
மணலில் தட்டிய படகு போல.
அட்லாண்டிக்கின் நடுவே பத்துத் தீவுகள்,
இது தெரிந்தவர்கள் மூன்று பேர்:
அவர், அவர் மனைவி ஜெர்த்ரூதிஷ், நான்.

என் பதவிக்கு ஆலோசகர் என்று பெயர்.
செய்த வேலை களையெடுப்பு.
விடியற்காலை நாலு மணிக்கு, காபி ஆறிக்கொண்டிருக்க,
நாட்டின் உரைகளிலிருந்து ஒரே எழுத்தை
வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

மக்கள்: எங்கள் மொழியில் போவு. ஆகாது.
'நம்மவர்கள்' என்று மாற்றினேன்.
எவ்வளவு நெருங்கிப் பேசுகிறார் என்றார்கள்.
ரொட்டிக்குப் பாவ். அதுவும் ஆகாது. சோளம் என்று எழுதினேன்;
மலைக் குடியானவர்கள் வாக்குகளை அள்ளிக் கொட்டினார்கள்.
தலைநகரின் பெயரே பிரையா.
"இந்த ஊர்" என்று சமாளித்தோம்.
பிரதமர் என்ற சொல்லுக்கும் அதுதானே முதலெழுத்து,
"உங்கள் ஊழியன்" என்று சொல்லவைத்தேன்.
மிந்தேலுப் பத்திரிகை ஒன்று அவர் பணிவைப் பற்றித்
தலையங்கமே தீட்டியது.

உதடு ஒட்டாமல் கவி பாடும் வித்தை உண்டென்பார்கள்.
நான் உதடு ஒட்டாமல் ஒரு தேசத்தை
ஆள வைத்தேன், நான்கு வருடம்.
கர்வம் இல்லை என்றால் பொய்.

ஜனவரியில்
பிராவா தீவுக்குப் போன படகு போய்ச் சேரவில்லை.
'எஸ்த்ரேலா டு சால்' அதன் பெயர்.
முப்பத்தொரு பேர்.
அதைப் பழுது பார்க்கக் கேட்ட கோப்பு
எங்கள் அலுவலகத்தில் ஏழு மாதம் கிடந்தது.
அட்டைமேல் என் காபிக் கோப்பையின் வட்டக் கறை.
விசாரணைக் குழு இதைக் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.

ஃபுர்னா துறைமுகத்தில் உரை.
மன்னிப்புக்குப் பெர்தாவ்.
நான் எழுதியது லமெந்து, வருந்துகிறேன்.
வருத்தம் யாருக்கும் வரலாம், வழிப்போக்கனுக்கும்.
கோப்பைத் தூங்கவிட்டவன்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.
வித்தியாசம் தெரியும் எனக்கு.
தெரிந்துதான் எழுதினேன்.

அந்த வரி வந்ததும் எர்குலானு தாளை மடித்தார்.
உதடுகளை மூடினார்.

திறக்கவில்லை.

ஒரு நொடி. மூன்று. கழுத்து நரம்பு புடைக்கிறது.
ஆறு. ஒலிபெருக்கியில் கடல் மட்டும்.
முன்வரிசையில் ஒர்லாந்தினா,
கணவனையும் தம்பியையும் அந்தப் படகில் ஏற்றிவிட்டவள்,
அவள் வாயும் தன்னையறியாமல் மூடியிருக்கிறது.
சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை அவள்.
யாருமே.
பதினொன்று.

"பெர்தாவ்."

உடைந்துதான் வந்தது.
அவள் தலையசைத்தாளா, முக்காட்டைக் காற்று அசைத்ததா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் அவர் கேட்டது ஒன்றுதான்:
"இன்னும் என்னென்ன சொற்களை
ஒளித்து வைத்திருக்கிறாய்?"

மார்ச்சில் கருத்துக் கணிப்பு. ஒன்பது புள்ளி ஏற்றம்.
கட்சிப் பொருளாளர் அடல்ஜிசா
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:
"அந்தத் திக்கல். மாநாட்டிலும் ஒன்று வேண்டும்.
கடைசிக்கு முந்தின பத்தியில் இருக்கட்டும்."
நான் சிரிக்கவில்லை. மறுக்கவுமில்லை.
நான்கு வருடத்தில் முதல்முறையாகப்
போவு என்று எழுதி
பக்கத்தில் பென்சிலால் சின்னதாய் ஒரு புள்ளி வைத்தேன்.
இங்கே நிற்கவும் என்பதற்கு
எங்களுக்குள் அதுதான் குறி.

அரங்கம் நிரம்பி வழிந்தது.
அந்தப் பத்தி வந்தது. புள்ளியைப் பார்த்தார்.
பிறகு, திரைச்சீலை இருட்டில்,
அதை வைத்தவனைப் பார்த்தார்.

"போவு" என்றார்.
தட்டலில்லை, தடங்கலில்லை.
ஒட்டிய இதழ் விலகியது, அவ்வளவுதான்.
கூட்டத்தில் சிலருக்கு ஏமாற்றம்கூட இருந்திருக்கும்.

அடல்ஜிசா என் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள்.
கைதட்டலில் விழாதது போல்
நின்றுகொண்டிருந்தேன்.