ஆறு மணிப் பூசை

ஆறு மணிக்குப் பூசை இருக்குங்க என்று சொல்லித்தான்
எடைமேடையிலிருந்து தினமும் கிளம்புகிறேன்.
முதலாளி எந்தக் கோயில் என்று கேட்பதில்லை.
ஒருநாள் மட்டும்
எனக்கும் சேத்தி வேண்டிக்கம்மா என்றார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்
பூச்சை என்பார்கள் பூனையை.
நான் பொய் சொல்லவில்லை,
ஒரு ‘ச்’சை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

வேலந்தாவளத்தில் சாவடி இருந்த காலத்தில்
நேந்திரங்காய் லோடுக்குள் இருந்து வந்தது.
பில்லும் இல்லை பில்டியும் இல்லை என்று
சாவடிக்காரர் சசிதரன்
பிடரியைப் பிடித்துத் தூக்கி என் மேசைமேல் வைத்தார்.
யாருடைய சரக்கு இது?
பதினேழு வருடமாகிறது.
சாவடியையே எடுத்துவிட்டார்கள்.
பில்டி என்று கூப்பிட்டால்
இன்னும் ஒரு காது திரும்புகிறது.

பாட்டிலை முதலில் வெந்நீர்ச் சொம்பில் நிற்கவைக்கணும்.
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கணும்,
பிள்ளைப் பாலுக்குப் பார்ப்பதுபோல
என்று எழுத வந்தது. அடித்துவிட்டேன்.
பில்டி பிள்ளை இல்லை.
பூனைக் கணக்கில் என்னைவிட முப்பது வயது மூத்தது,
அதற்குரிய எரிச்சலோடுதான்
என் மடியில் உட்காருகிறது.

ஜன்னல் கம்பியில் வளைத்த ஹேங்கர்,
ஹேங்கரில் பாட்டில்.
தோளுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி
ஊசியைச் சாய்வாக.
முதல் வாரம் இந்தப் பக்கம் குத்தி
அந்தப் பக்கம் வந்து
என் கட்டைவிரலில் இறங்கியது.
உப்புத்தண்ணீர் சேலையை நனைக்க
இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நூறு மில்லி.
முதுகில் எழும்பும் திமில்
நடக்க நடக்கச் சரிந்து முன்னங்காலுக்கு வருகிறது.
கயிறு சரியாகக் கட்டாத லாரிபோல
ஒருக்களித்துப் போகிறது அடுக்களைக்கு.
ரேஷன் கார்டு வைத்த பையில் மூத்திரம் போகிறது.
கார்டைக் கழுவிக் காயப்போட்டேன்,
என் பெயர் மட்டும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரி வராத நேரம்,
மேடையின் நடுவில் விட்டுவிட்டு
உள்ளே ஓடித் திரையைப் பார்த்தேன்.
அறுபது டன் தாங்கும் மேடை.
பூஜ்யம் என்றது.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்கு எதுவும் தெரியாது.
வெளியே, அத்தனை பெரிய இரும்புத் தகட்டில்,
பூஜ்யம்
காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

ஆமினாவின் காய்கறித் தராசில் இரண்டு கிலோ முந்நூறு.
கிலோ என்ன வெலை? என்றாள்.
சிரித்துவிட்டு,
சிரித்ததற்காக ஒரு கட்டு மல்லித்தழை
காசு வாங்காமல் தந்தாள்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷைனி
பில்டியிடம் மலையாளத்திலும்
என்னிடம் தமிழிலும் பேசுவார்.
கிட்னி இரண்டிலும் கிட்னிதான்.
போன வாரம் அதன் தாடையைத் தடவிக்கொண்டே
இனி அதிகம் இல்லா என்றார்.
அதனிடம் சொன்னாரா
என்னிடம் சொன்னாரா என்று
பஸ் கோபாலபுரம் வரும்வரை யோசித்தேன்.

வீட்டுக்கே வந்து போடுவாராம், வலிக்காதாம்.
எண்ணை ‘ஷைனி பூச்சை’ என்று பதிந்திருக்கிறேன்.
நேற்று அந்தப் பெயர்வரை விரல் போனது.

அப்போதுதான் கரண்ட் போனது.
கணவாய்க் காற்று கதவை அறைய,
பாதிப் பாட்டிலில்,
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்தபடி
நான் சொட்டு எண்ணினேன்.
நாற்பது வரை சரியாக இருந்தது.
பிறகு வேறொரு சத்தம் குறுக்கே வந்து
கணக்கு தப்பியது.
தொடைக்குள் இறங்கும் சத்தம்,
தூரத்தில் மேடேறும் வண்டிபோல.
மாதக்கணக்காயிற்று அதைக் கேட்டு.
ஊசி வலிக்கும்போதும் பூனைகள் அப்படிச் செய்யுமாம்,
டாக்டர் சொல்லியிருக்கிறார்.
இருட்டில் முகம் தெரியவில்லை.

இன்று மருந்துக்கடையில்
பெட்டியா வாங்கினா நூறு ரூபா கம்மிங்க்கா என்கிறான் பையன்.
பெட்டியில் பன்னிரண்டு.
பெட்டி என்று சொல்ல வாய் வரவில்லை.
ஒன்று என்று சொல்லவும்.

பின்னால் ஆள் நிற்கிறார்கள்.
மணி ஐந்தே முக்கால்.

மூணு குடு என்றேன்.