புண்ணாக்கு, முப்பது புள்ளி

வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கம், நாலாம் மாடி.
மருதானைக்குப் போகிற ரயில்
பலகையில் எழுத்துகளை ஓர் இம்மி நகர்த்துகிறது.

மெரில் சில்வெஸ்டர் ‘ஸாக்ஸ்’ வைத்தார்.
கூரைக்கல் வெட்டும் கத்தியாம்.
ஆயுளில் அதைத் தொட்டதில்லை, ஐம்பத்தேழு புள்ளி.
அடுத்தது ‘கூம்’:
உயிரெழுத்தே இல்லாத ஒரு பள்ளத்தாக்கு.

என்னிடம் இரண்டு ஓ, மிச்சம் குப்பை.
வைத்தேன்: பூனாக்.
“சும்மா விடாதேயும்!”
கண்ணாடியைத் துடைத்து அகராதி புரட்டினார்.
இருந்தது.
எண்ணெய் பிழிந்த தேங்காய்ச் சக்கை.

கணக்கு வாத்தியார் எனக்கு வைத்த பெயர்
எப்போதோ கப்பலேறி,
கடைசி உகரத்தைக் கடலில் விட்டு,
முப்பது புள்ளியோடு திரும்பியிருக்கிறது.

பதினொன்றால் தோற்றேன்.
காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கையில்
யாரையாவது அன்பாகத்
திட்டவேண்டும் போலிருந்தது.