மிச்சம் மூன்று வரி

விடியப்புறம் நாலு இருபதுக்கு
மாவு வெட்டும் மெஷின் நின்றது.
அது நின்றதைத்தான் முதலில் கேட்டோம்.
பிறகுதான் ரொவேனாவை.

தகட்டுக்கு முன்னால் மஞ்சள் கம்பிவலை ஒன்று இருந்தது,
போன மாசம் வரைக்கும்.
மாவு அப்புகிறது, துடைக்க நேரம் போகிறது என்று
கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்தாயிற்று.
கழற்றச் சொன்னவர் சுப்பவைசர் கருணைநாதன்.
கழற்றியது நான்.
பத்தாம் நம்பர் ஸ்பானர் இன்னும் என் லொக்கரில் கிடக்கிறது.

மாவில் இரத்தம் நீங்கள் நினைக்கிற மாதிரிப் பரவாது.
மாவு குடித்துவிடும்.
நாற்பது கிலோவை அள்ளிக் கொட்டினோம்.
அந்த நட்டத்துக்கு அன்றைக்கே ஒரு தாள் நிரப்பினார்கள்:
எத்தனை கிலோ, எத்தனை மணி, யார் பொறுப்பு.
விரலுக்குத் தாள் வரவில்லை.

கருணைநாதன் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.
வீட்டில் சமைக்கும்போது வெட்டியதென்று சொல்லச் சொன்னாராம்.
நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாளாம்:
இரும்பு மூக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டா சமைக்கிறாய்?

ஏஜென்சி வானுக்குள் ஆளுக்கொரு சட்டம்.
கிளெய்ம் போட்டால் பிறகு கூப்பிடவே மாட்டான் என்றான் ஹர்ஜோத்.
போடாவிட்டால் மட்டும்
ஒன்பது விரல்காரியைக் கூப்பிடுவானா என்று
பின் சீற்றிலிருந்து ஒரு குரல்.
முதுகுநோ என்று பொய் சொல்லி
ஒருத்தன் ரெண்டு வருசம் வீட்டிலிருந்து காசெடுத்த கதையை
சிவபாதம் நடித்துக் காட்டினார்.
எல்லோரும் சிரித்தோம்.
மிட்லண்ட் வீதிப் பள்ளத்தில் வான் துள்ளியபோது
என் முதுகு மட்டும் சிரிக்கவில்லை.

ஏழு வருசத்துக்கு முந்திய பெப்ரவரி.
லோடிங் டொக்கில் கண்ணாடிப் பனி,
தோளில் இருபது கிலோ மூட்டை.
எனக்குக் கிடைத்தது
ரெண்டு நாள் லீவு, கையில் அறுபது டொலர்,
"நாங்கள் ஒரே ஊர் என்ன, தம்பி" என்ற ஒரு வசனம்.
அந்த அறுபது டொலரை
ஒவ்வொரு குளிர்காலமும்
குனிந்து குனிந்து திருப்பிக் கட்டுகிறேன்.
வட்டிதான் கழிகிறது.

ஞாயிற்றுக்கிழமை,
எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையில்
ரொவேனா வந்து நின்றாள்.
இடது கையால் எழுதிய தாள்.
எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தது,
இறங்கும் பஸ்ஸில் நிற்பவர்கள்போல.
இது பிச்சை கேட்பதா என்று கேட்டாள்.
சட்ட உதவி நிலையத்துப் பெண்
தனக்குச் சொன்னதையும் அவளே சொன்னாள்:
முதலாளிமீது வழக்குப் போடமாட்டோம் என்று
நாம் பிறக்கமுன்னமே யாரோ நமக்காக ஒத்துக்கொண்டார்களாம்,
அதற்கு ஈடாம் இந்தக் காசு.
அப்படியென்றால் இது விற்ற பொருளின் விலை.
விலையைக் கேட்பவளைப் பிச்சைக்காரி என்பார்களா?
எனக்குத் தெரியவில்லை.
நான் என் பொருளை அறுபதுக்குக் கொடுத்தவன்.

வலையை யார் கழற்றியது என்று அவள் கேட்கவில்லை.
அவளுக்குத் தெரியும்.
பக்கத்து மேசையில் நின்றவள்தானே.

சாட்சியின் பெயருக்குப் பன்னிரண்டு கட்டம்.
புவனேந்திரராசா என்பது ஆங்கிலத்தில் அதற்குள் அடங்காது.
கடைசி எழுத்துகளைக் கோட்டுக்கு வெளியே எழுதினேன்,
ஓரத்து வெள்ளையில்.

கண்டதை எழுத நாலு வரி.
வலை, ஸ்பானர், யார் சொன்னது, யார் செய்தது:
முதல் வரியிலேயே என்னை எழுதினேன்.

தோய்க்கும் மெஷினின் மேல் கிடந்த போன்
அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகருகிறது.
கருணைநாதன்.
ரொவேனா அதைப் பார்க்கிறாள், பிறகு பேனையை.

மிச்சம் மூன்று வரி இருக்கிறது.